இருக்கலாம்மா

ஸ்கேன் முடிந்து, வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைக்க டிஷ்யூ கொடுத்தேன். துடைத்துக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்: "வலி இதனாலதானா மேடம்?"

"இருக்கலாம்மா. அனுப்பின டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க."

அவ்வளவுதான் பேச்சு. வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்போது அவளுக்கு 17 வயது, பிளஸ் டூ. வயதுக்கு வந்து 4 வருடம். 2 மாதத்துக்கு ஒரு முறை, சில நேரம் 3 மாதத்துக்கு ஒரு முறைதான் மாதவிலக்கு. வந்தால் சுருண்டு படுக்க வைக்கும் வலி, வராத நாட்களிலும் அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும் வலி. டாக்டர் சீட்டில் மூன்று விஷயம் எழுதியிருந்தார்: ஒழுங்கற்ற மாதவிடாய், அடிவயிற்று வலி, பிசிஓடியா? பிசிஓடி என்பது சினைப்பை சம்பந்தப்பட்ட ஒரு ஹார்மோன் கோளாறு. கேள்விக்குறி மூன்றாவதற்கு மட்டும்தான். நானும் அதற்கு மட்டும் பதில் எழுதினேன். இரண்டு சினைப்பைகளும் கொஞ்சம் பெரிது, ஓரத்தில் மணி கோத்ததுபோல் சிறு சிறு பைகள். 'பிசிஓடி தோற்றம்' என்று ரிப்போர்ட்டில் போட்டுக் கையெழுத்திட்டேன்.

ஊரே இதை நீர்க்கட்டி என்கிறது. கட்டி இல்லை. வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. பொதுவாக அவை வலிப்பதுமில்லை. 2003இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோலில் மூன்று அம்சங்கள்: தள்ளிப்போகும் மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம். வேறு காரணம் எதுவும் இல்லாதபோது இவற்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ்; பிசிஓடி என்று இங்கே சொல்வதும் இதைத்தான். அந்தப் பட்டியலில் வலி என்ற சொல்லே கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் 'இருக்கலாம்' என்றேன்.

இன்னொன்றும் தெரியும். வயதுக்கு வந்து 8 வருடம் ஆகாத பெண்களுக்கு, ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் சொல்லாதீர்கள் என்று 2018இன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வயதில் பல பெண்களின் சினைப்பை அப்படித்தான் தெரியும். அதை ரிப்போர்ட்டின் கீழே ஒரு வரியாகச் சேர்த்திருக்கலாம். சேர்த்தால், அனுப்பிய டாக்டருக்கு நான் பாடம் எடுத்ததுபோல் ஆகும். ஸ்கேன் சென்டர் ஓடுவது அவர்கள் அனுப்பும் சீட்டில். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2 வருடம் கழித்து அவள் மறுபடி வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் அம்மா மஞ்சள் பையிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். என் கையெழுத்து. திரையில் இடது சினைப்பையில் 5 சென்டிமீட்டரில் ஒரு கட்டி, உள்ளே மங்கலான கண்ணாடி போல ஒரே சீரான சாம்பல். சாக்லேட் சிஸ்ட் என்போம். எண்டோமெட்ரியோசிஸ்: கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து வலி தரும் நோய்.

நடுவில் நடந்ததை அம்மாதான் சொன்னார். முதலில் ஒரு டாக்டர் ஹார்மோன் மாத்திரை கொடுத்திருக்கிறார். 3 மாதம் வலி குறைந்திருக்கிறது. அப்புறம் யாரோ சொந்தக்காரர் அது கருத்தடை மாத்திரை என்று சொல்ல, கல்யாணமாகாத பெண்ணுக்கு இதெல்லாமா என்று நிறுத்திவிட்டார்கள். பிறகு நடைப்பயிற்சி, வெந்தயத் தண்ணீர், கழற்சிக்காய்ப் பொடி. வலி என்று போன இடத்திலெல்லாம் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நீர்க்கட்டிதான், உடம்பு குறைஞ்சா சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வலிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டதால், மாதவிலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போது வலிக்கிறதா என்று, இந்த நோயைச் சந்தேகிக்க வைக்கும் கேள்வியைக்கூட யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

"அப்ப இது அப்பவே இல்லையா மேடம்?" என்றார் அம்மா.

"ஆரம்பத்துல இருந்திருந்தாலும் ஸ்கேன்ல தெரிஞ்சிருக்காதும்மா."

உண்மைதான். வயிற்றுச் சவ்வில் படிந்திருக்கும் மெல்லிய திட்டுகள் சாதாரண ஸ்கேனில் தெரியாது. ஆனால் அந்தப் பதில் என் வாயிலிருந்து வந்த வேகம் எனக்கே பிடிக்கவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நீங்கதான் அப்பவும் பார்த்தீங்க இல்ல?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அன்றிலிருந்து மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நான் 'ஆமாம்' என்று சொல்லவில்லையே, டாக்டரிடம் கேட்கத்தானே சொன்னேன்? இதனால் இல்லை என்று சொல்லியிருந்தால் "பின்ன எதனால?" என்று கேட்டிருப்பாள், அதற்கு என்னிடம் பதில் இருந்திருக்காது. போதாததற்கு, அந்த ஹார்மோன் மாத்திரை இரண்டு நோய்க்கும் கொடுப்பதுதான். அப்படிப் பார்த்தால் என் ரிப்போர்ட், தப்பான காரணத்துக்காகச் சரியான மருந்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறது. நிறுத்தியது வீட்டார்தானே?

இந்த எண்ணம் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்க வைத்தது. பிறகு ஒன்று உறைத்தது. அந்த மாத்திரை வலிக்காகத்தான் என்று யாராவது தெளிவாகச் சொல்லியிருந்தால், அவள் அம்மா அதை நிறுத்தியிருப்பாரா? நிறுத்தியிருக்கவும் கூடும். சொந்தக்காரர்கள் அப்போதும் சும்மா இருந்திருக்க மாட்டார்கள்.

இப்போதெல்லாம் நான் 'இருக்கலாம்மா' சொல்வதில்லை. "இது கட்டி இல்லம்மா, முட்டைப் பைகள். வலி பொதுவா இதனால வராது, வேற காரணம் இருக்கான்னு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சரியாகச் செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். அதே சீட்டு, அதே மூன்று விஷயம். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் அம்மா மகளிடம் திரும்பினார்.

"கேட்டியா? வலியெல்லாம் இதுல வராதாம். ஸ்கூலுக்கு மட்டம் போடத்தான் இவ்வளவு நடிப்பும்."

"இல்லம்மா, வலி இல்லைன்னு நான் சொல்லலை..." என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் சுடிதார் டாப்பை இறக்கிவிட்டுக்கொண்டே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் கதவு திறந்தது. அடுத்த டோக்கன்காரம்மா ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்க முடியாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.