ஏழா, ஆறா? வள்ளத்து எஞ்சினுக்குப் பிளக் வாங்கிய கதை

கணவாய்த் தூண்டில் போட்டுவிட்டு நீரோடிக் கரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் எஞ்சின் நொண்ட ஆரம்பித்தது. அப்பா மூடியைத் தூக்கி, எரிபொருளைப் பற்றவைக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளில் மேல் பிளக்கின் தொப்பியைத் துணி சுற்றிய கையால் பிடுங்கினார். சத்தம் மாறவில்லை. கீழ்த் தொப்பியைப் பிடுங்கியதும் எஞ்சின் அப்படியே நின்றுபோனது. அப்படியென்றால் செத்தது மேல் சிலிண்டர். (நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள். கையில் ஷாக் அடிப்பது மட்டுமல்ல, இக்னிஷன் காயிலுக்கும் கேடு.)

கழற்றிய பிளக் கரேலென்று நனைந்திருந்தது. மண்ணெண்ணெய் வாடை. நடுக்கம்பிக்கும் மேலே வளைந்து நிற்கும் கொக்கிக்கும் நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கரி இழை பாலம் போட்டிருந்தது. பொறி தாண்டவேண்டிய இடைவெளியையே அது அடைத்துவிட்டால் பொறி எங்கிருந்து வரும்? உப்புத்தாளால் தேய்த்து மாட்டினோம், கரை வந்து சேர்ந்தோம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. அந்த மாதம் மட்டும் நாலு பிளக் போயிற்று.

எங்களுடையது 9.9 எச்பி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை. அப்பா கடலைப் பார்த்துக்கொள்வார். எஞ்சின் கணக்கும் கடைக்கு அலைவதும் என் பொறுப்பு.

முதலில் போன கடையில் பழைய பிளக்கைக் கொடுத்து, இது மாதிரி ஒன்று வேண்டும் என்றேன். பெட்டியில் ஏழு என்று போட்டிருந்தது, என்ஜிகே என்ற கம்பெனிப் பெயரும் இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதின் மரை விரல் நுனியளவு நீளமாக இருந்தது. என்னுடையது பி7எச்எஸ்-10, அவர் கொடுத்தது பி7ஈஎஸ். எச் என்றால் மரை நீளம் 12.7 மில்லிமீட்டர், ஈ என்றால் 19. இரண்டுக்கும் குறுக்களவு 14 மில்லிமீட்டர்தான், அதனால் மறுப்பே இல்லாமல் ஏறிவிடும். ஏறியபின் கயிற்றை ஒரு இழு இழுத்தால் பிஸ்டன் தலை மேலே வந்து பிளக்கில் முட்டும். அப்புறம் பிளக் காசு பெரிசா, பிஸ்டன் காசு பெரிசா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதான். அன்றிலிருந்து பழைய பிளக்கைப் பக்கத்தில் வைத்து அளக்காமல் எதையும் வாங்குவதில்லை.

சரி, நீளம் புரிந்தது. அடுத்த குழப்பம் அந்த ஏழில்.

“கரி பிடிக்குதுன்னா பிளக் குளிர்ந்து கிடக்குன்னு அர்த்தம், சூடான பிளக் போடு” என்றார் எங்களோடு கடலுக்கு வரும் மாமா. அது நியாயமான பேச்சுதான். பிளக்கின் பீங்கான் மூக்கு ஏறக்குறைய 450, 500 டிகிரியைத் தாண்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துத் தள்ளும். 800ஐத் தாண்டிவிட்டால் பொறி வருவதற்கு முன்பே அந்தச் சூட்டில் எரிபொருள் பற்றிக்கொள்ளும். மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேற நேரமாகும், அது சூடான பிளக். குட்டையாக இருந்தால் குளிர்ந்த பிளக். ஆனால் சூடான பிளக் என்றால் எண்ணைக் கூட்டுவதா, குறைப்பதா?

மாமா கூட்டு என்றார். அவர் மனதில் இருந்தது அவர் பழைய வண்டியின் பாஷ் பிளக். பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் சூடு. என்ஜிகேயிலும் டென்சோவிலும் அப்படியே தலைகீழ், எண் கூடினால் குளிர். அவர் சொன்னபடி எட்டு வாங்கியிருந்தால் இன்னும் கரி பிடித்திருக்கும். நல்லவேளை, கேட்டுத் தெரிந்துகொண்டு ஆறு வாங்கினேன். பி6எச்எஸ், இரண்டு.

ஒரு வாரம் ராஜா மாதிரி ஓடியது. மெதுவோட்டத்தில் மணிக்கணக்காக நின்றாலும் திணறல் இல்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. அடுத்த வாரம் எதிர்காற்று, வள்ளம் நிறைய மீன், முழு ஆக்சிலேட்டரில் ஒரு மணி நேரம் ஓட்டி வந்தோம். எஞ்சினுக்குள் யாரோ கூழாங்கல்லைக் குலுக்குவது போல ஒரு சத்தம். கரைக்கு வந்து பிளக்கைக் கழற்றினேன். பீங்கான் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது, மேலே பொடிப்பொடியாகப் புள்ளிகள். பெட்ரோலைவிட மண்ணெண்ணெய் சீக்கிரம் தானாக வெடிக்கிற சரக்கு. அதற்குப் போய்ச் சூடான பிளக்கையும் கொடுத்தால் பிஸ்டனில் ஓட்டை விழ அதிக நாள் ஆகாது.

அப்புறம்தான் பூவாரில் எஞ்சின் வேலை செய்யும் ஒரு ஆசானைத் தேடிப் போனேன். தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவர். நான் பிளக்குகளை வரிசையாக எடுத்து வைத்தேன், அவர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எஞ்சினை ஓட்டு மக்கா” என்றார். பத்து நிமிடம் ஓடியதும், எஞ்சினுக்குள் சுற்றிவந்து பக்கவாட்டு ஓட்டை வழியே பீச்சும் தண்ணீரில் கையை நீட்டினார். என் கையையும் பிடித்து வைத்தார். நெய்யாற்றுத் தண்ணீர் எப்படி இருந்ததோ, அதே குளிர்ச்சி. வெதுவெதுப்பே இல்லை.

“இதுக்குள்ள தெர்மோஸ்டாட் இருக்கா?”

எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கிற வால்வு அது. எங்களுடையதில் இல்லை. போன வருடம் ஒருமுறை மண் அடைத்து எஞ்சின் கொதித்தபோது, அதைப் பார்த்த மெக்கானிக் இனி இது வேண்டாம் என்று கழற்றி எறிந்துவிட்டார். நாங்களும் தலையாட்டியிருந்தோம். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் தடையில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும், எஞ்சின் சூடேறவே ஏறாது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாவதில்லை, துளித்துளியாகவே உள்ளே போய்ப் பாதி எரிந்து கரியாகிறது. பிளக் பாவம், அது என்ன செய்யும்?

அடுத்து, எரிபொருளில் கலக்கும் ஆயில். 50 பங்கு எரிபொருளுக்கு 1 பங்கு என்றால் லிட்டருக்கு 20 மில்லி. அப்பா கண்ணளவில் ஊற்றுவதை ஒரு மருந்து மூடியால் அளந்து பார்த்தேன், முப்பதுக்கும் மேலே வந்தது. “கூட இருந்தா எஞ்சினுக்கு நல்லதுதானே” என்பது அவர் வாதம். ஆசான் அவரோடு வாதாடவில்லை, கரி படிந்த ஒரு பிஸ்டனை எடுத்துக் கையில் கொடுத்தார்.

தெர்மோஸ்டாட் புதிதாகப் போட்டோம். எஞ்சின் சூடாகுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதில்லை, நிறுத்துவதற்கு முன் கடைசி சில நிமிடம் பெட்ரோலில் ஓட்டுவது என்று வைத்துக்கொண்டோம். பிளக், எஞ்சின் புத்தகத்தில் எழுதியிருந்த அதே ஏழுதான். புத்தகத்தில் பி7எச்எஸ்-10, பிஆர்7எச்எஸ்-10 இரண்டுமே இருந்தன. நான் ஆர் உள்ளதை வாங்கினேன், ஏனென்றால் வயர்லெஸ்ஸில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஒரு வண்டு ரீங்காரம் வந்துகொண்டிருந்தது. ஆர் என்பது உள்ளே இருக்கும் ரெசிஸ்டர், அந்த இரைச்சலை அடக்கும். கடைசியில் வரும் 10 என்பது இடைவெளி 1.0 மில்லிமீட்டர் என்பதற்கு. இருந்தாலும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன், பெட்டி கீழே விழுந்தால் அந்தக் கொக்கி நசுங்கிவிடும்.

மாட்டும்போது கடைசிவரை விரலாலேயே சுற்றவேண்டும். வாஷர் உட்கார்ந்தபின் ஸ்பேனரால் அரைச் சுற்று, அவ்வளவுதான். ஹெட் அலுமினியம், வீரத்தைக் காட்டினால் மரை பெயர்ந்து வந்துவிடும்.

மூன்று வாரம் கழித்துக் கழற்றிப் பார்த்தேன். பீங்கான் நல்ல கடுப்பமுள்ள பால் சாயா நிறத்தில் இருந்தது. அதை அப்படியே துடைத்து மாட்டிவிட்டேன். அந்த இரண்டு ஆறாம் நம்பரையும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன், நேற்றுப் பார்த்தால் காணவில்லை. மாமா தூண்டில் கயிற்றில் ஈயக்குண்டுக்குப் பதிலாகக் கட்டி இறக்கியிருக்கிறார்.