வரப்பிலிருந்து வடுவூர் ஏரி வரை

மன்னார்குடிப் பக்கம் எங்கள் தெருப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் வயலுக்குக் கூட்டிப்போய்ப் பறவை பார்க்கப் பழக்குகிறேன். சம்பா நடவில் ஆரம்பித்தது, இப்போது அறுவடையும் முடிந்துவிட்டது. எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று எழுதிவைக்கிறேன்.

பறவையின் பெயரை முதலில் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். பெயர் தெரிந்ததும் பிள்ளைகள் அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள். அதனால் ஒரே கேள்விதான்: "அது என்ன தின்னுது?" இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றுதான் ஆக வேண்டும். சேற்றுழவு டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் ஏன் ஓடுகின்றன என்பதை, மண் புரளும்போது வெளியே வரும் பூச்சியையும் தவளையையும் பார்த்து அவர்களே கண்டுபிடித்தார்கள்.

நன்றாக எடுபட்டது நத்தை குத்தி நாரைதான். வரப்போரம் கிடந்த காலி நத்தை ஓடுகளைப் பொறுக்கிவரச் சொன்னேன். நாரை அலகால் ஓட்டை நொறுக்கித் தின்னும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வந்த ஓடுகளில் பாதிக்கு மேல் முழுசாக இருந்தன. அப்புறம் எப்படித் தின்றது? ஒரு சிறுமி ஈர்க்குச்சியை உள்ளே விட்டுக் குடைந்து பார்த்து, "அத்தை, இதுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போகுது" என்றாள். நாரை கீழலகின் நுனியை உள்ளே விட்டு, சதை ஓட்டோடு ஒட்டியிருக்கும் இடத்தை அறுத்து இழுத்துவிடும். மூடினாலும் அலகின் நடுவில் ஒரு சந்து தெரியும். குஞ்சுகளுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் வரும். இதைச் சொன்னதிலிருந்து எந்த நாரை சின்னது, எது பெரியது என்று சண்டை.

பக்கத்து வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு பறவைத் தாங்கிக் குச்சிகளும் நட்டோம். கரிச்சான் உட்கார்ந்து பூச்சியைப் பிடிப்பதற்கு. "கதிர் வந்ததும் புடுங்கிடணும், இல்லேன்னா நெல்லுக்குருவி உக்காந்துக்கும்" என்றார் அவர். எனக்கு அது புதுச் செய்தி, பிள்ளைகளுக்கு இல்லை!

அதற்கு அப்புறம்தான் வடுவூர். 1999இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி இது. 2022இல் உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயத்தோடு சேர்ந்து, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. "கூண்டு எங்க?" என்றுதான் முதல் கேள்வி வந்தது. வேலிக்குள் அடைத்த காடும் இல்லை, கூண்டும் இல்லை. வயலுக்குப் பாயும் பாசன ஏரிதான் சரணாலயம் என்பதை நம்பவைக்க மடையைக் காட்ட வேண்டியிருந்தது. காட்சிக் கோபுரத்தில் ஏறியதும் கூச்சல்: "நம்ம நத்தை குத்தி!" ஒரே பைனாகுலரை வரிசையில் நின்று மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தார்கள். வடக்கு ஆசியாவிலிருந்து வந்திருந்த ஊசிவால் வாத்துக்கு அவ்வளவு மதிப்புக் கிடைக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

திரும்பும் வழியில் ஒரு பையன் கேட்டான்: "அத்தை, ஏரியில பிடிச்சாத்தான் தப்பா, நம்ம வயல்ல மடையான் பிடிச்சாலுமா?" மடையான் என்றால் குளத்துக்கொக்கு. யார் வீட்டிலோ அதன் கறி வெந்திருக்கிறது. யார் வீடு என்று நான் கேட்கவில்லை. 1972ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஏரிக்கரையோடு நின்றுவிடுவதில்லை, வயலில் நிற்கும் மடையானுக்கும் அது உண்டு என்று மட்டும் சொன்னேன். ராத்திரி ஏரி மரத்தில் அடையும் பறவை பகலில் நம் வயலில்தானே மேய்கிறது என்று இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தாள். அவன் ஒத்துக்கொண்டானா என்று தெரியவில்லை, வண்டி வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பிலும் கலந்துகொண்டோம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று எண்ண வேண்டும். மைனாக்கள் இடம் மாறி மாறி உட்கார்ந்ததில் கணக்கு மூன்று விதமாக வந்தது. எழுதுகிறவர் ஒருவர், எண்ணுகிறவர் ஒருவர் என்று பிரித்த பிறகு சரியானது.

அடுத்து, ஏரி வற்றும் கோடையில் ஒருமுறை வடுவூர் போவதாக இருக்கிறோம். பறவை இருக்கும்போது மட்டுமே கூட்டிப்போனால் மேட்டூர் அணையிலிருந்து வந்து ஏரியை நிரப்பும் தண்ணீருக்கும் இந்த நாரைக்கும் உள்ள சம்பந்தம் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்கப் போவது அடுத்த குளிர்காலத்தில். உப்பளம், வெளிமான் என்று அங்கே பார்க்க நிறைய உண்டு. விடியற்காலையில் கிளம்ப வேண்டும், வேன் வாடகையை எப்படிப் பிரிப்பது என்று அம்மாக்களிடம் இப்போதே பேச்சு எடுத்திருக்கிறேன்.