மருந்துவாழ்மலையில் அம்மாவின் நெய் விளக்கு

அம்மா பிறந்தது கன்னியாகுமரி பக்கத்துக் கொட்டாரம், வாக்கப்பட்டு வந்தது சென்னை தண்டையார்பேட்டை. மேலூர் திருவுடை, ஒற்றியூர் வடிவுடை, முல்லைவாயில் கொடியிடை என்று பௌர்ணமிதோறும் மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்த்துவிடுவாள். ஆனால் 2019-ல் எண்ணூர் ரோட்டில் தம்பியின் பைக் சறுக்கி, வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் வாயில் வந்தது பிறந்த ஊர் மலைதான். "ஆஞ்சநேயா, இவன் காலூன்றி நடக்கட்டும். மருந்துவாழ்மலை உச்சியில நெய் விளக்கு போடுதேன்."

இப்போது அவளுக்கே மூட்டு வலி. "நேந்தது நான், ஏறுறது நீங்க. அனுமாரு கணக்குப் பாக்க மாட்டாரு, போங்க மக்களே" என்று நெய் டப்பாவையும் திரியையும் கட்டிக் கொடுத்தாள்.

எழும்பூரில் ரயிலேறி விடிகாலை கன்னியாகுமரி. மலையடிவாரத்துப் பொட்டையடிக்கு ஆட்டோக்காரர் கேட்ட தொகையில் சென்னைக்கே திரும்பிவிடலாம் போலிருந்தது. அடிவாரத்தில் ஒருவர் "சஞ்சீவி வேர், அனுமார் தூக்கிட்டுப் போகும்போது விழுந்த மலையாச்சே" என்று 300 ரூபாய்க்கு ஒரு பொட்டலம் தம்பி தலையில் கட்டினார். பிரித்தால் சுக்கு வாசனை.

மலை சுமார் 800 அடிதான். ஆனால் எங்கள் பேட்டையில் உயரம் என்றால் மேம்பாலம்தானே! படிகள் முடிந்து பாறை தொடங்கியதும் எனக்கு மூச்சு முட்டியது. வாழைப்பழத்தைக் குரங்கு பறித்துக்கொண்டு போனது. தம்பி ஒரு வார்த்தை பேசாமல் முன்னால் ஏறிக்கொண்டிருந்தான். வலது காலை முதலில் வைத்து, சோதித்துப் பார்த்து, பிறகு இடது கால். கேரளத்துத் துறவி நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகையில் சற்று உட்கார்ந்தோம். உள்ளே அப்படியொரு குளிர்ச்சி.

உச்சியில் ஆஞ்சநேயர் முன்னால் கடல் காற்று ஆளைத் தள்ளியது. விளக்கை வைத்துக் குச்சியைக் கிழித்தால் அணைகிறது. இன்னொன்று. அதுவும் போச்சு. பெட்டியில் ஏழெட்டுக் குச்சிதான் மிச்சம். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வரவழைத்து இப்படிச் சோதிக்கலாமா அப்பனே? தம்பி சட்டையைக் கழற்றிக் கூடாரம்போல் பிடித்தபடி முட்டி போட்டான். பிளேட் வைத்த அந்தக் காலை மடக்கி, வெறும் பாறையில். "வலிக்கலடா?" என்றேன். "பத்த வைக்கா சீக்கிரம்" என்றான். கடைசிக்கு முந்தின குச்சியில் திரி பிடித்தது. சின்னச் சுடர், மஞ்சளாய், அசையாமல். அவர் முகம் அப்போதுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என்ன வேண்டிக்கொள்வது என்று ஒன்றும் தோன்றவில்லை. ராமா ராமா என்றுதான் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

கீழே தென்னந்தோப்புகள், காற்றாலைகள், தூரத்தில் கடல். காசிமேட்டில் தினம் பார்க்கிற கடல் எனக்கு இப்படி ஒருநாளும் தெரிந்ததில்லை.

அம்மாவுக்கு போன் போட்டேன். "கை பிடிச்சா ஏறுனான்?" என்றுதான் முதலில் கேட்டாள். "இல்லம்மா, அவன்தான் எனக்குக் கை கொடுத்தான்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தம்பி டப்பாவில் ஒட்டியிருந்த நெய்யை விரலால் வழித்து, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி, தழும்பின்மேல் தடவிக்கொண்டிருந்தான்.