தொலைந்துபோன ஒரு போல் பாக்கெட்டும் மூன்று வருட டிராஃப்ட்டும்

நேற்று இரவு கடைசி ஒப்புதலும் வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கும் மேலாக இழுத்துக்கொண்டிருந்த எங்கள் பி.எஃப்.டி (இரண்டு ரவுட்டர்களுக்கு இடையே பாதை உயிரோடு இருக்கிறதா என்று சின்னச் சின்ன பாக்கெட்டுகளை அனுப்பி விடாமல் சோதிக்கும் நெறிமுறை) டிராஃப்ட், இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப்-ல் எல்லாக் கட்டத்தையும் தாண்டிவிட்டது. நிம்மதியாக இருக்கிறது, ஆனால் இதில் பாதிக் காலம் தேவையே இல்லாமல் போனதே என்ற ஆதங்கமும் போகவில்லை. அந்தப் பாதி எங்கே போனது என்று எழுதி வைத்தால் அடுத்து டிராஃப்ட் எழுத உட்காருபவருக்கு உதவும். 5880 என்று நான் சொல்வது பி.எஃப்.டி-யின் மூல ஆவணமான ஆர்.எஃப்.சி 5880-ஐ (ஐ.இ.டி.எஃப் வழியாக வெளியாகும் ஆவணங்கள்தான் ஆர்.எஃப்.சி), ஒர்க்கிங் குரூப் என்பது டிராஃப்ட்டுகளை விவாதித்து முன்னே கொண்டுபோகும் குழு.

பிரச்சினை பார்க்கச் சின்னது. ரவுட்டரில் மென்பொருளை மாற்றும்போது கன்ட்ரோல் பிளேன் (பாதைகளைத் தீர்மானிக்கும் பகுதி) ஓரிரு வினாடி அப்படியே நின்றுவிடும். 50 மில்லி செகண்ட் இடைவெளியில் ஒரு பி.எஃப்.டி பாக்கெட், அதன் மூன்று மடங்கு நேரம் எதுவும் வராவிட்டால் பழுது என்று வைத்திருந்தால், 150 மில்லி செகண்டில் பக்கத்து ரவுட்டர் பாதை செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும், ஓ.எஸ்.பி.எஃப், பி.ஜி.பி போன்ற ரவுட்டிங் நெறிமுறைகள் எல்லாம் அதன் பின்னாலேயே விழும். அதனால் மாற்றத்துக்கு முன்பே இடைவெளியை ஒரு வினாடிக்கு உயர்த்தி, வேலை முடிந்ததும் பழையபடி இறக்குவார்கள். இதற்கு 5880-லேயே வழி இருக்கிறது. புதிய மதிப்பைப் போட்டு, போல் பிட்டோடு, அதாவது பதில் கேட்கும் குறியோடு, அனுப்ப வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஃபைனல் என்ற பதில் குறி வரும்வரை பழைய வேகத்திலேயே அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

நாங்கள் சோதித்த ஒரு கருவி அந்த ஃபைனலுக்குக் காத்திருக்கவில்லை, போல் அனுப்பிய கையோடு வேகத்தைக் குறைத்துவிட்டது. நூறு தடவை செய்தால் தொண்ணூற்றொன்பது தடவை ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அந்த போல் போய்ச் சேர்ந்ததுமே எதிர்ப்பக்கம் தன் கணக்கை மாற்றிக்கொள்ளும். அந்த ஒரே ஒரு பாக்கெட் வழியில் தொலைந்தால்தான் வினை. அடுத்த பாக்கெட் வர ஒரு வினாடி ஆகும், எதிர்ப்பக்கமோ இன்னும் 150 மில்லி செகண்ட் கணக்கிலேயே இருக்கும். செஷன் (இரு பக்கத்துக்கும் இடையிலான பி.எஃப்.டி தொடர்பு) டவுன், டயக்னாஸ்டிக் கோடு 1, அதாவது காத்திருக்கும் நேரம் தீர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் எடுத்த பாக்கெட் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒன்றில் போல் இருக்கிறது, மற்றதில் அந்த வரியே இல்லை. அந்த ஒரு வரியைப் பார்க்க எங்களுக்கு நாலு நாள் பிடித்தது.

சரி, திட்டமிட்ட நிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் இரு பக்கமும் என்ன செய்ய வேண்டும் என்று வரிசைப்படி ஒரு ஆவணம் எழுதிவிடலாம் என்று மூன்று பேர் உட்கார்ந்தோம். முதல் பதிப்பு பதினான்கு பக்கம். வந்த முதல் கேள்வியே, இது 5880-ல் ஏற்கனவே இருக்கிறதே, தனியாக எதற்கு? நியாயமான கேள்விதான். பதில் எங்களிடம் இருந்தது, டிராஃப்ட்டில்தான் இல்லை. முன்னுரையில் வலையமைப்பின் நம்பகத்தன்மை எவ்வளவு முக்கியம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தோம், அந்தப் பாக்கெட் பதிவைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதப் போகிறவர்களுக்கு முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்: எது உடைந்தது என்பதை முதல் பக்கத்திலேயே காட்டுங்கள். முன்னுரையை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஏழு பாக்கெட்டுகளின் நேர வரிசையைப் போட்ட பிறகுதான் ஆட்கள் பேசவே ஆரம்பித்தார்கள்.

அந்தத் திருத்திய பதிப்பை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு டிராஃப்ட் ஏற்றும் வாசலை மூடிவிடுவார்கள், கடைசி நிமிடம் உலக நேரப்படி 23:59. நான் 23:40-க்கு உட்கார்ந்தேன். எக்ஸ்.எம்.எல் கோப்புக்குள் போன மாதத் தேதி இருந்தது, ஏற்ற முடியவில்லை. தேதியைத் திருத்தினால் பதிப்பு எண் இடித்தது, கோப்பின் பெயரில் 02, உள்ளே 01. அதையும் சரிசெய்து மறுபடி ஏற்றும்போது வாசல் மூடியிருந்தது. வருடத்துக்கு மூன்றே கூட்டம் என்பதால், நாலு மாதம் அங்கேயே போய்விட்டது. முந்தைய நாளே ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள், பிழை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். நிட்ஸ், அதாவது ஆவணத்தின் வடிவப் பிழைகளைப் பார்க்கும் சோதனையையும் கடைசிக்கு வைக்காதீர்கள். எடுத்துக்காட்டில் நிஜ முகவரி எதுவும் வேண்டாம், ஆவணங்களுக்கென்றே ஒதுக்கிய 192.0.2.0/24, 2001:டிபி8::/32 இரண்டும் போதும்.

ஒர்க்கிங் குரூப் ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்ட இரண்டு வாரத்தில் ஐந்து பதில் வந்தது, அதில் மூன்று நாங்களே எழுதியது. வெறும் "ஆதரிக்கிறேன்" என்ற ஒரு வரியை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. எங்களுக்குக் கைகொடுத்தது, வேறு ஒரு கருவியில் இதை எழுதிப் பார்த்த ஒருவர் அனுப்பிய நீளமான கடிதம். அவர் ஆதரவு மட்டும் சொல்லவில்லை, எங்கள் எடுத்துக்காட்டு தப்பு என்றும் சொன்னார்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பி.எஃப்.டி-யில் பலர் தடுக்கி விழும் இடம் இது. ஒரு பக்கம் மடங்கு 3, மறுபக்கம் மடங்கு 5, இருவருக்கும் இடைவெளி 50 மில்லி செகண்ட். மடங்கு 3 வைத்திருக்கும் பக்கம் எதிராளியின் மரணத்தை எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கும்? எங்கள் அட்டவணையில் 150 என்று இருந்தது. சரியான விடை 250. அசிங்க்ரனஸ் முறையில் (இரு பக்கமும் விடாமல் பாக்கெட் அனுப்பிக்கொண்டிருக்கும் முறை) எதிராளி அனுப்பிய மடங்கைத்தான் எடுக்க வேண்டும், நம் மடங்கை அல்ல. பெருக்க வேண்டிய இடைவெளி, நாம் வாங்க ஒப்புக்கொண்டதும் அவர் அனுப்ப விரும்பியதும் ஆகிய இரண்டில் பெரியது. மூன்று பேர் எழுதி, மூன்று பேரும் படித்து, மூன்று பேரும் கோட்டைவிட்டிருக்கிறோம். தவறான அந்த எண்ணோடு ஆவணம் வெளியே போயிருந்தால் அதைப் பார்த்து யாராவது நிரல் எழுதியிருப்பார்கள். அவருக்கு நன்றி சொல்லி மாளாது, பங்களித்தவர்கள் பட்டியலில் அவர் பெயரை முதலில் போட்டோம்.

அப்புறம் வந்தது காப்புரிமை விஷயம். குரூப்பின் கடைசி அழைப்பு நேரத்தில், அதாவது இறுதியாகக் கருத்துக் கேட்கும்போது, ஒவ்வொரு ஆசிரியரும் இந்த டிராஃப்ட் தொடர்பாகத் தனக்குத் தெரிந்த காப்புரிமை உண்டா இல்லையா என்று எழுதித் தர வேண்டும். இரண்டு வரி பதில். எங்களில் ஒருவர் அந்த இரண்டு வரியைத் தன் நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒரு படிவம் வந்தது, அதை நிரப்பி அனுப்பினால் இன்னொரு படிவம், பிறகு பொறுப்பாளர் விடுப்பில், பிறகு கோப்பு வேறு ஒருவர் கைக்கு மாறியது. பதினொரு வாரம். டிராஃப்ட்டில் மாற்ற ஒரு எழுத்து இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தோம். கடைசியில் விதியை எடுத்து நானே வரி வரியாகப் படித்தேன். ஆர்.எஃப்.சி 8179 கேட்பது அந்த நபருக்கு நேரடியாகத் தெரிந்ததை, அல்லது அவர் நியாயமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டியதை மட்டும்தான். நிறுவனத்தின் மொத்தக் காப்புரிமைகளையும் தேடிப் பார்க்கச் சொல்லவே இல்லை. அந்தப் பத்தியை அப்படியே எடுத்து அனுப்பினோம், மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது. நிறுவனத்தில் அனுமதி வாங்கியே தீர வேண்டியவர்கள் டிராஃப்ட் தொடங்கும் அன்றே அந்தப் பத்தியோடு போய்க் கேளுங்கள்.

ரவுட்டிங் பிரிவு மதிப்பாய்வு, பொது மதிப்பாய்வு, இரண்டு வார கடைசி அழைப்பு எல்லாம் சிரமமில்லாமல் போனது.

டிராஃப்ட்டுக்கு ஒப்புதல் தரும் இயக்குநர்கள் குழுவான ஐ.இ.எஸ்.ஜி-யில் இரண்டு டிஸ்கஸ், அதாவது தீர்க்காமல் மேலே போக முடியாத ஆட்சேபணைகள். முதலாவது ஒரு 'ஷுட்' பற்றி. ஷுட் என்றால் தக்க காரணம் இருந்தால் மீறலாம், மஸ்ட் என்றால் மீறவே கூடாது. காத்திருக்க வேண்டும் என்ற இடத்தில் நாங்கள் ஷுட் போட்டிருந்தோம், எந்தச் சூழ்நிலையில் காத்திருக்காமல் இருக்கலாம் என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அப்படி ஒரு சூழ்நிலையே கிடையாது. மஸ்ட் என்று மாற்றினோம். உங்கள் டிராஃப்ட்டில் உள்ள ஒவ்வொரு ஷுட்டுக்கும் பக்கத்தில் விதிவிலக்கு ஒன்றை எழுத முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் அது மஸ்ட், அல்லது அந்த வாக்கியமே வேண்டாம்.

இரண்டாவது பாதுகாப்பு பற்றியது, இதில் அவர்கள் பிடித்த இடம் சரியானது. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் ஒரு போலிப் பாக்கெட்டை யாராவது உள்ளே விட்டால் என்ன ஆகும்? செஷன் விழாது, எல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டும், பாதை உண்மையிலேயே அறுந்தாலும் யாருக்கும் தெரியாது. அந்த இடைவெளிப் புலம் 32 பிட், அலகு மைக்ரோ செகண்ட், அதாவது உச்சம் கிட்டத்தட்ட 71 நிமிடம், அதற்கு மேல் மடங்கு வேறு. பழுதைக் கண்டுபிடிக்கவென்றே வைத்த நெறிமுறை ஒரு மணி நேரத்துக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். நேரடியாக இணைந்த லிங்க்கில் டி.டி.எல் 255 சோதனை (ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் குறையும் எண் குறையாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பது) ஓரளவு காப்பாற்றும், பல ஹாப், அதாவது நடுவில் பல ரவுட்டர்களைத் தாண்டும் செஷனில் அதுவும் இல்லை. கண்டுபிடிப்பதற்கான நேரத்துக்கு ஒரு உச்ச வரம்பு, நிறுத்தம் முடிந்ததும் தானாகப் பழைய மதிப்புக்குத் திரும்புவது, பல ஹாப் என்றால் அங்கீகாரம் கட்டாயம், இந்த மூன்றையும் சேர்த்தோம். ஆறு வாரம் ஆனது, ஆனால் அந்த ஆறு வாரத்தை நான் வீண் என்று எண்ணவில்லை. ஆவணம் அதற்குப் பிறகுதான் முழுமையானது.

கடைசியில் ஆத்48 என்ற கட்டம், ஆசிரியர்கள் இறுதி உரையைச் சரிபார்ப்பது. பெயரில்தான் 48 மணி நேரம். அச்சுக்குப் போகும் முன் எல்லா ஆசிரியரும் தனித்தனியாக ஒப்புதல் தர வேண்டும். எங்கள் மூன்றாவது ஆசிரியர் இதற்குள் வேலை மாறியிருந்தார், டிராஃப்ட்டில் இருந்தது பழைய அலுவலக முகவரி, கடிதங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. அவருக்குப் பதிலாகப் பொறுப்பில் உள்ள இயக்குநர் ஒப்புதல் தரலாம், இல்லாவிட்டால் அவரைப் பங்களித்தவர் பட்டியலுக்கு மாற்றலாம். மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தொலைந்த போலை முதலில் பார்த்தவரே அவர்தான். பழைய நண்பர்கள் இரண்டு பேர் வழியாகத் தேடிப் பிடிக்க ஐந்து வாரம் ஆனது. டிராஃப்ட்டில் சொந்த மின்னஞ்சல் முகவரியைப் போடுங்கள், முதல் பதிப்பிலிருந்தே.

அந்த ஐந்து வாரத்தில் ஒரு நல்லதும் நடந்தது. சும்மா இருந்த நேரத்தில் இறுதி உரையைத் திரும்பப் படித்தேன். மொழி திருத்தும்போது "ஃபைனல் வந்த பிறகே" என்று நாங்கள் எழுதியிருந்தது "ஃபைனலை எதிர்பார்த்து" என்ற பொருள் வரும்படி மாறியிருந்தது. எந்தத் தவறைத் தடுக்க மூன்று வருடம் உழைத்தோமோ அதுவே உள்ளே வந்திருக்கும். திருத்தங்களைப் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுக் காட்டும் கோப்பு ஒன்று தருவார்கள், அதை அவசரமாகப் புரட்டாதீர்கள்.

ஒப்புதல் வந்த பிறகு நேற்று இரவே ஆய்வகத்தில் இரண்டு ரவுட்டரை இணைத்து, நடுவில் போல் பாக்கெட்டுகளை மட்டும் வேண்டுமென்றே தூக்கிப்போடும் வடிகட்டி ஒன்றை வைத்தோம். முதல் போல் தொலைந்தது. இரண்டாவதும் தொலைந்தது. அனுப்பும் பக்கம் 50 மில்லி செகண்ட் வேகத்திலேயே விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. மூன்றாவதைப் போக விட்டோம், ஃபைனல் வந்தது, அதற்குப் பிறகுதான் வேகம் இறங்கியது. செஷன் கடைசிவரை அப்-பிலேயே இருந்தது.