பச்சை ஜெனரேட்டருக்கு வெந்நீர் வைத்தியம்

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்ட பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. வாடகை ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள், மோட்டாரை ஓட்டி மேல் தொட்டியை நிரப்புவார்கள், கேட்ட காசைக் கொடுக்க வேண்டியதுதான். சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னவன், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்து போன பிறகுதான் வாங்கினேன். ராணுவத்தில் கழித்து ஏலம் விட்ட டீசல் செட், 7.5 கேவிஏ (எவ்வளவு கரண்ட் தரும் என்ற அளவு), இரண்டு சிலிண்டர், ஏர் கூல்டு, உடம்பெல்லாம் மங்கிய பச்சை. ஹவர் மீட்டரில் ஓடியதாகக் காட்டியது 312 மணி நேரம். "மிலிட்டரி சரக்கு சார், ஓடவே இல்ல" என்றார் விற்றவர். அவர் சொன்னது பொய்யில்லை.

முதுநகர் துறைமுகத்தில் போட் இஞ்சின் பார்க்கும் அண்ணன் ஒருவரைக் கூட்டிவந்தேன். சாவியைப் போடவே விடவில்லை அவர். முதலில் டேங்கின் அடி நட்டைக் கழற்றினார். அரை லிட்டர் தண்ணீர், அதன் பின்னால் காப்பி டிகாஷன் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ, அப்புறம்தான் டீசல். இஞ்சினின் மேல் மூடியான ஹெட்டைத் திறந்தால், பிஸ்டன் பல வருஷமாக ஒரே இடத்தில் நின்ற அடையாளம் அது ஏறி இறங்கும் குழாயான லைனரில் துருக்கோடாக, வளையல் மாதிரி சுற்றி இருந்தது. லைனரின் உள்சுவரைக் கல்லால் தேய்த்துக் குறுக்குக் கீறல் போட்டு (ஹோனிங்), பிஸ்டனைச் சுற்றி வரும் ரிங்கைப் புதுசாகப் போட்டோம். அதாவது மீட்டர் என்ன சொன்னாலும் இஞ்சின் இப்போது புதுசு, ரன்னிங் இன் செய்தாக வேண்டும், அதாவது புது ரிங் லைனரோடு பொருந்தும்வரை ஓட்டிப் பழக்க வேண்டும்.

கரண்ட் உண்டாக்கும் பாகமான ஆல்டர்னேட்டர் தனிக் கதை. இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கரை வைத்துப் பார்த்தால் 1 மெகா ஓம்கூட இல்லை. கடல் காற்றின் ஈரம் வைண்டிங்கில், அதாவது செம்புக் கம்பிச் சுருளில் ஏறியிருக்கிறது. கவருக்குள் 100 வாட் குண்டு பல்பு இரண்டைத் தொங்கவிட்டு இரண்டு நாள் எரியவிட்டதும் சரியானது. ஓட்டினால் வோல்டேஜ் சைபர். கரண்ட் உண்டாகத் தொடங்குவதற்கு உள்ளே கொஞ்சம் மிச்சக் காந்தம் வேண்டும், ரொம்ப நாள் சும்மா கிடந்ததில் அது போய்விட்டது. வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏவிஆரைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் பேட்டரியின் பிளஸ், மைனஸை மாற்றாமல் பார்த்து காந்தச் சுருளுக்குப் போகும் ஃபீல்டு வயரில் ஒரு நொடி தொட்டு எடுத்தார். மறுபடி ஏவிஆரை மாட்டி ஓட்டினோம், லைட் எரிந்தது.

இதுவரை எல்லாம் சரி. அடுத்து செய்த முட்டாள்தனம் முழுக்க என்னுடையது.

புது பைக்கை மெதுவாக ஓட்டிப் பழகிய புத்தி. இரண்டு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ், நாலு லைட் மட்டும் போட்டு, பதினைந்து மணி நேரம் பூப்போல ஓட்டினேன். எட்டாவது மணியிலேயே வெள்ளைப் புகை. பத்துக்கு மேல் சைலன்ஸர் ஜாயின்டில் கறுப்பாக, தார் மாதிரி ஒன்று கசிந்து சுவரெல்லாம் தெறித்தது. அண்ணன் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, இப்படி தாலாட்டுனா ரிங்கு எப்படி உக்காரும்?"

விஷயம் இதுதான். ரிங்கை லைனர் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த ஸ்பிரிங் மட்டுமல்ல, எரியும் வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து தள்ளும் அழுத்தமும்தான். லோடு, அதாவது கரண்டை இழுக்கும் பொருள், போதாவிட்டால் அந்த அழுத்தம் குறைவு. ஹோனிங்கில் போட்ட குறுக்குக் கீறல்களில் ஆயில் கருகி அடைத்து, லைனர் கண்ணாடி மாதிரி வழுக்கிவிடும். அதன் பிறகு ரிங் உட்காரவே உட்காராது, ஆயில் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். சூடும் போதாததால் டீசல் பாதி எரிந்தும் எரியாமலும் சைலன்ஸருக்குப் போகும். வெட் ஸ்டாக்கிங் என்பது இதுதான்.

வீட்டில் அவ்வளவு லோடுக்கு எங்கே போவது? 7.5 கேவிஏ என்றால், வழக்கமான 0.8 பவர் ஃபேக்டரால் பெருக்க, நிஜமாகத் தருவது 6 கிலோவாட். ரிங் உட்கார நான் வைத்துக்கொண்ட லோடு அதில் முக்கால்வாசி, 4.5. ஒன்றரை கிலோவாட் வாட்டர் ஹீட்டர் ராடு மூன்று வாங்கி, 200 லிட்டர் இரும்பு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, டிரம்முக்குத் தனியாக எர்த் அடித்து இறக்கினேன். முதலில் ஒரு ராடு, பத்து நிமிஷம் கழித்து இரண்டு, பிறகு மூன்று, நடுவில் குறைத்து மறுபடி ஏற்றி. ஃப்ரீக்வென்சி வெறுமனே ஓடும்போது 52 ஹெர்ட்ஸ், மூன்று ராடும் ஏறியதும் வீட்டுக் கரண்டுக்கு வேண்டிய 50. நான்கு போல் (காந்த முனை) ஆல்டர்னேட்டர், 1500 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுற்று), கணக்கு சரியாக வருகிறது. (யூடியூபில் வரும் இந்த மாதிரி அமெரிக்க ராணுவ டீசல் செட் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ், 1800. அதைப் பார்த்து, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் திருகாதீர்கள்.) முதல் ஒரு மணி நேரம் தெருவே இருண்டுபோகும் அளவுக்குக் கரும்புகை, எதிர் வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். பிறகு புகை மெலிந்து, கடைசியில் சைலன்ஸர் வாயில் காற்று நடுங்குவது மட்டும்தான் தெரிந்தது. என் நேரம், லைனர் இன்னும் வழுக்கியிருக்கவில்லை.

மூன்றரை மணி நேரத்தில் டிரம் தண்ணீர் ஆவி பறக்கச் சுட்டது. மார்கழி மாசம் வேறு. பக்கத்து வீட்டு அத்தை குடத்தோடு வந்துவிட்டார். இஞ்சினை நிறுத்தி ராடுகளை வெளியே எடுத்த பிறகுதான் மொண்டுகொள்ள விட்டேன். அந்த ஒரு விஷயத்தில் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது.

25 மணி நேரத்தில் ஆயிலை மாற்றினேன், வடித்த ஆயிலில் ஜிகினா மாதிரி மினுக்கம். ரிங் உட்காரும்போது அப்படித்தான் வரும். ரன்னிங் இன் முடியும்வரை சாதாரண 15டபிள்யூ-40 ஆயில் போதும், சிந்தெடிக் வேண்டாம். இப்போது மாதம் ஒரு ஞாயிறு, முக்கால் மணி நேரம், ராடுகளோடு ஓட்டுகிறேன். டேங்கைக் காலியாக வைப்பதில்லை, வைத்தால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் இறங்கும். தெரு லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு லைனில் கொடுக்கவே கூடாது, கரண்ட் திரும்பத் தெருவுக்கு ஏறும், போஸ்டில் நிற்கும் லைன்மேன் உயிர் அது.

பாக்கி இருப்பது பேட்டரி. செல்ஃப் 24 வோல்ட் என்பதால் 12 வோல்ட் இரண்டை சீரியலில் போட வேண்டும், இரண்டும் புதுசாக, ஒரே ஜோடியாக. விலை கேட்டுவிட்டு வந்தேன். இந்த மாதம் ஹேண்டிலைச் சுற்றித்தான் ஸ்டார்ட். அத்தை குடத்தோடு காத்திருக்கிறார்.