சைக்ஸ்: ஒரு வால் படுத்திய பாடு

சைக்ஸ் என்ற ஆங்கிலக் குடும்பப்பெயர் எந்தக் காலத்தில் எங்கே இருந்தது என்று நான் போட்டுவரும் வரைபடத்தில் ஒருவழியாக இரண்டு அடுக்கு ஒப்பேறிவிட்டது. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அடுக்கு பத்தே நாளில் முடிந்தது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் எழுதிவைத்த 16ஆம் நூற்றாண்டு திருச்சபைப் பதிவேடுதான் மூன்று வாரம் உயிரை வாங்கியது.

1881இல் பெரிய வேலை இல்லை. ஆயிரம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் போட்டதும் மேற்கு யார்க்‌ஷரில் ஹடர்ஸ்ஃபீல்டும் கோல்ன் பள்ளத்தாக்கும் கருஞ்சிவப்பாகின. கணக்கெடுத்தவர் சுழித்த ‘எஸ்’, படியெடுத்தவர் கண்ணுக்கு ‘எல்’ ஆகி, சில சைக்ஸ் குடும்பங்கள் லைக்ஸ் ஆகிக் கிடந்தன. மூலப் படத்தைத் திறந்து திருத்தினேன்.

பதிவேட்டுக்கு வருவோம். முதலாம் எலிசபெத் காலத்தில் புழங்கிய, ‘செக்ரட்டரி’ என்ற பழைய கையெழுத்து முறை. ஒரு ஊரில் வரிசையாக ‘சைக்’, ‘சைக்’, ‘சைக்’. சரி, இது வேறு குடும்பப்பெயர் என்று தனி நிறம் கொடுத்து, கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் நண்பர்களிடம் அளந்தும் விட்டேன். ஆனால் ஒரு வருஷத்தோடு ‘சைக்’ மொத்தமும் மாயம்; அதே இடத்தில் ‘சைக்ஸ்’ முளைத்திருந்தது. கொள்ளைநோயா, குடிபெயர்ந்தார்களா என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். கடைசியில் பார்த்தால், எழுதுகிறவர் மாறியிருக்கிறார்!

பழைய எழுத்தர் ‘கே’யின் முடிவில் கீழே இழுத்து ஒரு சுழி போடுவார். அதை வெறும் அலங்காரம் என்று விட்டுவிட்டேன். அது ‘இ-எஸ்’ என்பதன் சுருக்கக்குறி. உறுதி செய்ய, டிரேசிங் பேப்பரை வைத்து அதே பக்கத்தில் ‘ஜேம்ஸ்’ என்று வரும் இடங்களைத் தேடினேன். ‘எம்’முக்குப் பிறகு அச்சு அசலாக அதே வால். நாற்பது சொச்சம் புள்ளிகளை நிறம் மாற்ற வேண்டியதாயிற்று. நகல் விற்றவர் கொடுத்த படம் பாதி மங்கல், அந்தக் கோபம் தனி. இனிமேல் ஒரு பக்கம் மாதிரி பார்க்காமல் காசு கொடுப்பதில்லை.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் இருக்கிறது. ‘சைக்’ என்றால் வடக்கு இங்கிலாந்தில் சிற்றோடை, பெரும்பாலும் நிலத்துக்கு எல்லை. ஓடை இல்லாத ஊரே கிடையாது. அப்படியானால் இந்தப் பெயர் பல இடத்தில் தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் 2000இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 48 சைக்ஸ் ஆண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே ஒய் குரோமோசோம் வகை; அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. ஏதோ ஒரு ஓடைக்கரைக்காரர் மற்ற கரைக்காரர்களை எல்லாம் முந்திவிட்டார். வீட்டிலேயே தறி போட்டுக் கம்பளி நெய்து பிழைத்த பள்ளத்தாக்கு, ஊரைவிட்டுப் போக அவசியமும் இருந்திருக்காது.

மத்தியக் கிழக்கைப் பிரிட்டனும் பிரான்சும் பங்குபோட்ட சைக்ஸ்–பிக்கோ ஒப்பந்தத்தின் (1916) சைக்ஸ் இவர்களில் ஒருவரா என்று யாராவது கேட்பார்கள். அந்த மார்க் சைக்ஸ் குடும்பம் கிழக்கு யார்க்‌ஷர் ஸ்லெட்மியரைச் சேர்ந்தது. என் வரைபட ஓரத்துக்கு அப்பால்.

1379 தலைவரிப் பட்டியல் இன்னும் பாக்கி. குறைந்தது நாலு பென்னியாவது கட்டியவர்களை எண்ண வேண்டும். ஆனால் கை சும்மா இருக்கவில்லை, ஹாலிஃபாக்ஸ் பக்கத்தில் ‘ராய்டு’ என்று முடியும் குடும்பப்பெயர்களைத் தொட்டுவிட்டேன். ராய்டு என்றால் காடு வெட்டித் திருத்திய நிலம். ஆக்ராய்டும் ஹோல்ராய்டும் சாது. மர்கட்ராய்டுக்கு மட்டும் இதுவரை ஒன்பது எழுத்துக்கூட்டல் சேர்ந்திருக்கிறது.