45 டிகிரியில் வருகிற ஆள்

எனக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா. பார்வை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வரும் பரம்பரை விழித்திரை நோய் இது. ஏறக்குறைய 4000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. சிறுவயதில் மாலைக்கண் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். இன்றைக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து எனக்குத் தெரிகிற அகலம் 20 டிகிரிக்கும் குறைவு. நல்ல பார்வை உள்ளவருக்கு அது 180 டிகிரி வரை இருக்கும். நடுப்பார்வை தப்பித்திருப்பதால் செய்தித்தாள் படிப்பேன். ஆனால் பாஸ்டன் பார்க் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் கூட்ட நேரத்தில் இறங்கினால் யார்மேலாவது மோதாமல் வெளியே வர முடியாது.

நடைப் பாதுகாப்பை மெய்நிகர் முறையில், அதாவது கண்ணில் ஹெட்செட் மாட்டி, கணினி காட்டும் காட்சிக்குள் நடக்கவிட்டு ஆராயும் ஒரு கூடம் எங்கள் ஊரில் ஆள் தேடுவதாக என் கண் மருத்துவர் சொன்னார். வீட்டில் மனைவிக்கு ஒரே பயம். “அந்தப் பெட்டிய கண்ணுல மாட்டிக்கிட்டு நடக்கணுமா? விழுந்தா என்ன பண்ணுவீங்க?” என்றாள். உண்மையில் விழாமல், யார்மேலும் இடிக்காமல் சோதிப்பதற்காகவே இப்படி ஒரு ஏற்பாடு. நிஜத் தெருவில் ஒருவரை என்மேல் மோத விட்டு ஆராய்ச்சி செய்ய முடியாது. ஒரே ஆள், ஒரே வேகத்தில், ஒரே கோணத்தில் எல்லார் முன்னாலும் வருவதும் அங்கே நடக்காத காரியம்.

முதலில் ஒப்புதல் படிவம். பெரிய எழுத்தில் கொடுத்து, வாசித்தும் காட்டினார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு பார்வையின் அகலத்தை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட். தாடையைத் தாங்கியில் வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் அலுப்பான வேலை. காலியான நடைபாதையில் என் இயல்பான வேகத்தையும் அளந்துகொண்டார்கள். தடையுள்ள இடத்தில் எவ்வளவு வேகம் குறைகிறது என்று பின்னால் ஒப்பிட அது வேண்டும்.

ஹெட்செட்டுக்குள் கண் எங்கே பார்க்கிறது என்று பதிவுசெய்யும் கருவி இருந்தது. அதைச் சரிசெய்ய, திரையில் தாவும் புள்ளியைப் பார்க்க வேண்டும். மூலைக்குத் தாவிய புள்ளி என் போன்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. உதவியாளர் “மேலே, வலது பக்கம்” என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தக் கட்டத்தில்தான் பலர் சோர்ந்துபோவார்கள் என்று நினைக்கிறேன். விட்டுவிடாதீர்கள்.

பிறகு கண்முன் ஒரு வணிக வளாகம். உள்ளே நடக்க வேண்டும். அங்கே நடமாடும் கணினி உருவங்களில் யாராவது என்மேல் மோதுவார் என்று தோன்றினால் கையிலுள்ள விசையை அழுத்த வேண்டும். எதிரே நேராக வந்தவர்களை எளிதாகக் கண்டுபிடித்தேன். பக்கவாட்டிலிருந்து வந்தவர்களில் பலரை நான் அறியவே இல்லை. திடீரென்று ஓர் உருவம் என்னை ஊடுருவிக் கடந்துபோகும்.

ஏன் என்று அவர்கள் விளக்கியதைத்தான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். நான் நேராக நடக்கிறேன். இடப்புறமிருந்து ஒருவர் என் வேகத்திலேயே என் வழிக்குச் செங்குத்தாகக் குறுக்கே வருகிறார். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வரப்போகிறோம் என்றால், கடைசி அடிவரை அவர் எனக்கு இடப்பக்கம் 45 டிகிரியிலேயே இருப்பார். கோணம் மாறாது, உருவம் மட்டும் பெரிதாகும். கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு இது பழைய பாடம்: திசை மாறாமல் நெருங்குகிற கப்பல்தான் மோதும். எனக்கோ பக்கத்துக்கு 10 டிகிரிகூட இல்லை. நான் தலையைத் திருப்பாதவரை அந்த ஆள் என் பார்வைக்குள் நுழையப்போவதே இல்லை. கூட்டத்தில் மோதல் அபாயம் 45 டிகிரியை ஒட்டித்தான் மிக அதிகம் என்று பாஸ்டன் ஷெப்பன்ஸ் கண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் பெலியும் அவர் குழுவினரும் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்கோல் தரையையும் தூணையும் காட்டிக்கொடுக்கும். குறுக்கே வருகிற மனிதரைக் காட்டாது.

இன்னொன்று, என் கண் அசைவின் வரைபடம். நான் இருபுறமும் துழாவிப் பார்த்தபடிதான் நடக்கிறேன் என்ற எண்ணம் எனக்கு. வரைபடத்திலோ நடுவில் ஒரு குறுகிய பட்டை. இது எனக்கு மட்டும் உள்ளதல்ல. என்னைப்போல் நடுப்பார்வை மட்டும் எஞ்சிய, குழாய்ப் பார்வை உள்ளவர்கள் நடக்கும்போது கண்ணைப் பக்கவாட்டில் மற்றவர்களைவிடக் குறைவாகவே ஓட்டுகிறார்கள் என்று 2006இல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொன்னது. தெரியாத இடத்தைப் பார்க்கக் கண்ணுக்குத் தூண்டுதலே கிடைப்பதில்லை.

கண் மருத்துவமனையின் எழுத்துப் பலகை இதில் எதையும் அளக்காது. லக்ஸ்டர்னா என்ற விழித்திரை நோய் மரபணு சிகிச்சைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தபோது, முக்கியச் சான்றாக நின்றது ஒரு நடைச் சோதனைதான். தரையில் அம்புக்குறி, வழியில் தடைகள், 1 லக்ஸிலிருந்து (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) 400 லக்ஸ் வரை வெவ்வேறு வெளிச்சம். அந்தச் சிகிச்சை ஆர்பிஇ65 மரபணுக் கோளாறுக்கு மட்டுமே, என்னுடையது வேறு. ஆனாலும் நடப்பதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

குறையும் உண்டு. நான் நடந்த தளம் முழுக்கச் சமதரை. எங்களை விழவைப்பது படியும் நடைமேடை விளிம்பும்தான், அவை அங்கே இல்லவே இல்லை. காலடி ஓசையும் இல்லை. நான் பாதி நடை காதால் நடக்கிறவன். இந்த இரண்டையும் சேர்க்காமல் “நடைப் பாதுகாப்பு” முழுதாக அளக்கப்பட்டது என்று சொல்லக்கூடாது. அதை அவர்களிடமும் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: வயிறு முட்டச் சாப்பிட்டுப் போகாதீர்கள், குமட்டல் வரலாம். திரும்பி வரத் துணைக்கு ஒருவர் இருக்கட்டும். உங்கள் பதிவுகளின் நகல் கிடைக்குமா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். நான் கேட்டு வாங்கிய வரைபடத்தை வைத்துத்தான் என் நடைப் பயிற்சியாளர் இப்போது சொல்லித்தருகிறார்: கடை வாசலையோ சந்து முனையையோ தாண்டுவதற்கு முன் கண்ணை மட்டுமல்ல, தலையையே இரு தோள்வரை திருப்ப வேண்டும். பாஸ்டனின் டவுன்டவுன் கிராசிங் கடைத்தெருவில் பழகிக்கொண்டிருக்கிறேன்.